புகையை எண்ணிய கிழவி

(வியாசர்பாடியில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் நான் பேசியது. செல்போனில் பதிந்து கொடுத்த தம்பிக்கு நன்றி. அதைக் கேட்டு நானே எழுதினேன். கைதட்டலை எடுத்துவிட்டேன், என் இருமலையும் எடுத்துவிட்டேன். மற்றபடி பேசியது பேசியபடி.)

மரியாதைக்குரிய தலைவர் ஐயா அவர்களே, என்னை மேடையில் ஏற்றிவிட்டு இப்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற செயலாளர் அவர்களே, மழையிலும் நூலகத்தைப் பூட்டாமல் வைத்திருக்கிற நூலகர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பத்து நிமிஷத்தைக் கடனாக வாங்கிக்கொண்ட தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கிற இளைஞர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மாமன்ற உறுப்பினர் அம்மாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஏழு மணிக்கு இன்னொரு கூட்டம் இருக்கிறதாம். செயலாளர் என் காதில் சொன்னார். அம்மா, தயவுபண்ணி ஏழேகால் வரைக்கும் இருங்கள். உங்களிடம் ஒன்று கேட்கத்தான் நான் இன்றைக்குப் பேசவே ஒப்புக்கொண்டேன். என்ன என்று இப்போது சொல்ல மாட்டேன். சொன்னால் ஆறரைக்கே கிளம்பிவிடுவீர்கள்.

பொன்னாடை போர்த்தினீர்கள், சந்தோஷம். எங்கள் வீட்டில் இந்த மாதிரி முப்பது கிடக்கிறது. இதில் அரிசி கட்ட முடியவில்லை, பேரப்பிள்ளைக்குத் தூளி கட்டினால் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. போர்த்திக்கொண்டு படுத்தால் ஜரிகை கீறுகிறது. அடுத்த முறை ஒரு துண்டு போடுங்கள் ஐயா, நாலு முழத் துண்டு, ஈரோட்டுத் துண்டு. மழையில் துவட்டவாவது ஆகும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'இடர்க்காலத்தில் கிராமத்து அண்டைவீட்டாரின் அன்பு'. வியாசர்பாடியில் எதற்குக் கிராமத்துப் பேச்சு என்று கேட்கலாம். இங்கே கைதூக்கச் சொன்னால் தெரியும், தாத்தா காலத்திலாவது ஒரு கிராமத்திலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வராத குடும்பம் எத்தனை என்று. செங்கல்பட்டுப் பக்கம், ஆர்க்காட்டுப் பக்கம், நெல்லூர்ப் பக்கம் என்று பஞ்சம் பிழைக்க வந்தவர்கள்தான். மில்லுக்கு வந்தார்கள், துறைமுகத்துக்கு வந்தார்கள், ரயிலுக்கு வந்தார்கள். நம் ராயபுரத்திலிருந்துதான் 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது, வாலாஜா ரோட்டுக்கு. ரயில் இங்கிருந்து அந்தப் பக்கம் போனது, ஜனங்கள் அந்தப் பக்கத்திலிருந்து இங்கே வந்தார்கள்.

இதில் ஐந்து செய்தி சொல்லப்போகிறேன். ஒன்று, சாவு வீட்டில் அண்டைவீட்டார். இரண்டு, பிரசவ வீட்டில் அண்டைவீட்டார். மூன்று, புயல். நான்கு, கடன். ஐந்து, பட்டணத்துக்கு வந்த பிறகு இதெல்லாம் என்ன ஆயிற்று. ஐந்தையும் இருபது நிமிஷத்தில் முடிக்கிறேன் என்று தலைவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். முப்பத்துமூன்று வருஷம் வாத்தியாராக இருந்தவன் கொடுக்கிற வாக்கு. நம்ப வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பழமொழி. என் மாணவர்கள் யாராவது இங்கே இருந்தால் இந்நேரம் சிரித்திருப்பார்கள், நான் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இதைத்தான் சொல்வேன் என்று. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. கேள்விப்பட்டதுதானே? எப்போது சொல்வோம்? பக்கத்து வீட்டுக்காரி நம்மைப் பற்றிப் புறணி பேசினால் சொல்வோம். பொண்ணு வேலைக்குப் போய் லேட்டாக வந்தால் நாலு பேர் வம்பளப்பார்கள், அப்போது சொல்வோம். ஊர் வாய் என்றால் வம்பு, பொல்லாப்பு. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு கிழவி எனக்கு வேறு பாடம் நடத்துகிற வரைக்கும்.

முதல் செய்தி, சாவு. உங்களுக்கே தெரியும். எழவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டில் எரியும். பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தயிர்ச்சோற்றைப் பிசைந்து வாயில் வைத்து அனுப்புவார்கள். பாடை கட்ட மூங்கில் எங்கே கிடைக்கும், மேளத்துக்கு யாரிடம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அழுதுகொண்டிருக்கிறவன் தலைமேல் விழாது. இது இன்னும் நம் தெருக்களில் இருக்கிறது. அதனால் இதை இதோடு விடுகிறேன்.

இரண்டாவதும் மூன்றாவதும் எனக்கு ஒரே கதையாக வந்துவிட்டது. எங்கள் வீட்டில் பிரசவமும் புயலும் ஒன்றாக வந்தன.

1977, நவம்பர் 12, சனிக்கிழமை. ஐப்பசி கடைசி. நாகப்பட்டினத்துக்குக் கொஞ்சம் தெற்கே புயல் கரை ஏறியது. அப்போது அது தஞ்சாவூர் மாவட்டம், நாகை தனி மாவட்டமானது 1991இல். எங்கள் ஊர் வேதாரண்யம் போகிற பக்கம், சாலையை விட்டு உள்ளே தள்ளி. எனக்குப் பத்து வயசு. அம்மாவுக்குக் குழந்தை பிறந்து பதினோரு நாள். அப்பா திருவாரூர்ப் பக்கம் வேலைக்குப் போயிருந்தார்.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு கிழவி. சொந்தமில்லை, ஆனால் முறைக்கு நான் அப்பாயி என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிட மாட்டேன். ஏனென்றால் அவளுக்கும் எங்கள் அம்மாவுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் ஒரு முருங்கை மரம். மரம் அவள் வாசலில். ஒரு கிளை வேலியைத் தாண்டி எங்கள் பக்கம் சாய்ந்திருந்தது. எங்கள் பக்கம் தொங்கிய காயை எங்கள் அம்மா பறித்துக் குழம்பு வைத்துவிட்டாள். அவ்வளவுதான். அந்தக் குழம்பு வாசனை எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. மோப்பம் பிடித்தாளே கிழவி! அன்றைக்கு ஆரம்பித்த சண்டை.

அவள் எப்படிப்பட்டவள் தெரியுமா? காலையில் எழுந்ததும் வாசலில் குந்துவாள். தெருவில் இருபத்திரண்டு வீடு. எந்தக் கூரையில் எத்தனை மணிக்குப் புகை வருகிறது என்று பார்ப்பாள். 'மூணாவது வூட்ல இன்னும் பொக வல்ல, ராத்திரி சண்ட போல.' 'கடேசி வூட்ல ரெண்டு தரம் பொக வந்துச்சு, மாப்ள வந்திருக்கான்.' சிசிடிவி எல்லாம் பிச்சை வாங்க வேண்டும். ஊரே அவளைத் திட்டும். எங்கள் அம்மா சொல்வாள், 'உலை வாயை மூடிடலாம், இவ வாயை மூட இன்னும் ஒரு கொசவன் மூடி செய்யல' என்று.

புயல் அன்றைக்கு விடிவதற்குள்ளேயே கூரை பிய்ந்துகொண்டு போக ஆரம்பித்துவிட்டது. எங்கள் தெரு ஊருக்கு வெளியே இருந்த தெரு. அப்படியென்றால் என்ன என்று இந்தச் சபைக்கு நான் விளக்க வேண்டாம். அத்தனையும் மண்சுவர், கீற்றுக் கூரை. ஊர்த்தெருவில்தான் ஓட்டு வீடு. ஜனங்கள் குழந்தை குட்டியோடு ஊர்த்தெருவுக்கு ஓடினோம். அம்மா பச்சை உடம்பு. குழந்தையைச் சேலைக்குள் சுற்றி அவள் முன்னால் போக, நான் பின்னால். காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது.

ஒரு பெரிய ஓட்டு வீட்டு வாசலுக்குப் போய் நின்றோம். அந்த வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. கதவைத் திறந்து பார்த்தார். 'பின்னால் மாட்டுக் கொட்டகை இருக்கு, அங்க ஒதுங்கிக்குங்க' என்றார். ஒதுங்கினோம். அதுவும் ஓடு போட்ட கொட்டகைதான், உயிர் தப்பியது அதனால்தான், அதை மறக்கக் கூடாது. வைக்கோலும் மூத்திர வாடையுமாக ஐம்பது அறுபது பேர். கொட்டகையின் இடுக்கு வழியாக எனக்கு வீட்டின் முன்பக்கம் தெரிந்தது. நீளத் திண்ணை. வழவழவென்று சுண்ணாம்புப் பூச்சு. தலைவைத்துப் படுக்கச் சரிவாகத் திட்டு வைத்தது. முப்பது பேர் தாராளமாக உட்காரலாம். காலியாக இருந்தது. புயல் அடித்து ஓய்கிற வரைக்கும் காலியாகவே இருந்தது.

சரி, கதைக்கு வருகிறேன். மழை விட்டுத் திரும்பி வந்தோம். வீடு இல்லை. ஒரு சுவர் பாக்கி. அந்த முருங்கை மரம்? முருங்கையைப் பற்றித்தான் தெரியுமே, காற்றுக்கு முதலில் விழுவது அதுதான். வேரோடு விழுந்திருந்தது, அதுவும் எப்படி? பாதி அவள் பக்கம், பாதி எங்கள் பக்கம். சண்டைக்குக் காரணமே போய்விட்டது. சண்டை போனதா? போகவில்லை. நம்ம ஆட்களைப் பற்றி என்ன நினைத்தீர்கள்?

கிழவி எங்களோடு கொட்டகைக்கு வரவில்லை. வீட்டிலேயே இருந்துவிட்டாள். ஏன் தெரியுமா? அவள் வீட்டில் கூரை ஒரு பக்கம் போய்விட்டது, அடுப்பு மூலை மட்டும் தப்பியது. அடுப்பில் வறட்டி கனன்றுகொண்டிருந்தது. தீப்பெட்டி எல்லாம் நமுத்துப்போகும், ஊரில் ஒருத்தனிடமும் நெருப்பு இருக்காது என்று அந்தக் கிழவிக்குத் தெரிந்திருக்கிறது. நெருப்பைச் சாம்பலால் மூடி, மேலே ஒரு பெரிய பானையைக் கவிழ்த்து, அந்தப் பானை பறந்துவிடாமல் அதன்மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள்! புயல் அடிக்கிறது, இவள் பானைமேல் உட்கார்ந்திருக்கிறாள். சூடு தாங்கவில்லை என்று எழுந்திருப்பாளாம், காற்று பானையை அசைக்குமாம், உடனே மறுபடியும் உட்காருவாளாம். இப்படியே பொழுது போயிருக்கிறது. பிற்பாடு வருஷக்கணக்காக இதை நடித்துக் காட்டிச் சிரித்தாள்.

முதல் நாள் எங்களுக்குச் சாப்பாடு இல்லை. கொட்டகையில் யாரோ கொடுத்த பொரியை நான் தின்றேன். அம்மா தண்ணீர் குடித்தாள். இரண்டாம் நாள் காலையிலும் அடுப்பு இல்லை. குழந்தை அழ ஆரம்பித்தது, பால் சுரக்கவில்லை. எதிர்வீட்டிலிருந்து கிழவி வருகிறாள். ஒரு கையில் உடைந்த சட்டி, அதற்குள் கங்கு. இன்னொரு கையில் மூடிபோட்ட குண்டான். வந்தவள் அம்மாவைப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பாள், பேச்சுவார்த்தைதான் இல்லையே! எங்கள் வீட்டு வாசலில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி நடுங்கிக்கொண்டு நின்றது. கிழவி அதைப் பார்த்துப் பேசுகிறாள்.

'ஏ வெள்ளையா! ஒங்கூட்ல ரெண்டு நாளா பொகையே காணுமே. பச்ச ஒடம்புக்காரி என்னத்தத் தின்னு பால் குடுப்பா?'

எங்கள் அம்மா சும்மா விடுவாளா? மடியில் கிடந்த தம்பியைப் பார்த்துச் சொல்கிறாள். 'சொல்லுடா தம்பி, எங்கூட்டுப் பொகைய எண்ணச் சொல்லி யாருக்கும் கூலி குடுக்கலன்னு சொல்லு.'

கிழவி ஆட்டைப் பார்த்து: 'எண்ணாம உட்டா ஒங்கம்மாளுக்கு மாரு வத்திப் போயிடும்டா வெள்ளையா.'

அம்மா தம்பியைப் பார்த்து: 'முருங்கக்கா திருடினவ வூட்டுக்கு ஏன் வரணும்னு கேளுடா.'

கிழவி குண்டானைக் கீழே வைத்தாள். மூடியை எடுத்தாள். உள்ளே என்ன? முருங்கைக் கீரை! விழுந்து கிடந்த அந்த மரத்திலிருந்து உருவி, குறுவை அறுப்புக் கூலியாக வந்த நெல்லை வறுத்துக் குத்தி நொய்க் கஞ்சி வைத்து, அதில் கீரையைப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். நெல் நனைந்து முக்கிப்போனது. கஞ்சியில் அந்த முக்கல் வாடை அடித்தது, வறுத்த வாசனையும் இருந்தது, உப்புக் கொஞ்சம் கூட. இன்றைக்கும் மழைநாளில் எங்காவது நெல் ஊறின வாடை வந்தால் எனக்கு நாக்கில் அந்த உப்பு வருகிறது. கிழவி ஆட்டுக்குட்டியின் காதைப் பிடித்துச் சொன்னாள், 'இது ஒங்கூட்டுப் பக்கம் சாஞ்ச கெளையோட கீரதான்டா. எம்பக்கத்துக் கீரைய நான் குடுப்பனா?'

அம்மா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். கஞ்சியைக் குடித்தாள். அந்தச் சட்டி நெருப்பிலிருந்துதான் அன்றைக்குத் தெருவில் இருபத்திரண்டு அடுப்பும் எரிந்தன. ஒரு வீட்டிலிருந்து கங்கு எடுத்து அடுத்த வீடு, அங்கிருந்து அதற்கடுத்த வீடு. அப்பா ஆறாம் நாள்தான் வந்தார், வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால். அவர் வந்தபோது நாலு கழி நட்டு, தெரு ஆட்களே மேலே கீற்றுப் போட்டிருந்தார்கள். கீற்றுக்கு அந்தப் புயலில் பஞ்சமா?

ஒன்று சொல்லவில்லையே. பேச்சுவார்த்தை அதற்கப்புறமும் ஏற்படவில்லை. கிழவி சாகிற வரைக்கும் இரண்டு பேரும் ஆட்டையும் கோழியையும் வைத்துத்தான் பேசிக்கொண்டார்கள். அதற்காகவே எங்கள் வீட்டில் ஒரு ஆடு இருந்துகொண்டே இருந்தது.

தலைவர் ஐயா சீட்டு அனுப்பியிருக்கிறார். 'பத்து நிமிஷம்.' பத்து நிமிஷம் ஆயிற்று என்கிறாரா, பத்து நிமிஷம் பாக்கி என்கிறாரா தெரியவில்லை. எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறேன்.

அந்தக் கிழவிக்கு எங்கள் வீட்டில் பசி என்று எப்படித் தெரிந்தது? யாரும் போய்ச் சொல்லவில்லை. அம்மா செத்தாலும் கேட்டிருக்க மாட்டாள். புகையை எண்ணினாள், தெரிந்தது. வம்புக்காக எண்ணிய அதே கண். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. நல்லவேளை, மூட முடியவில்லை! உலை கொதிக்கவில்லை என்று முதலில் சொல்வது அந்த ஊர் வாய்தான். நமக்கு வம்பு வேண்டாம், உதவி மட்டும் வேண்டும் என்றால் அந்தக் கடையில் அப்படிப் பிரித்து விற்பதில்லை ஐயா.

இதே கதை 2018இல் கண்முன்னால் நடந்தது. கஜா புயல். நவம்பர் 16 விடியற்காலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. நான் பார்த்த முதல் புயலிலிருந்து சரியாக 41 வருஷம் நாலு நாள். இங்கிருந்து ஒரு வேன் பிடித்துக்கொண்டு போனோம். இந்தச் சபையில் இருக்கிற மூன்று பேர் கூட வந்தார்கள். தார்ப்பாய், மெழுகுவர்த்தி, தண்ணீர் கேன், பெண்களுக்கு நாப்கின். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமெல்லாம் தென்னை சாய்ந்து கிடந்த கிடப்பை நான் சொல்ல வேண்டாம், டிவியில் பார்த்தீர்கள். டிவியில் காட்டாதது ஒன்று. நிவாரண வண்டியெல்லாம் மெயின்ரோட்டு ஊர்களிலேயே காலியாகிவிடும். உள்ளே இருக்கிற ஊருக்கு வராது. எங்கள் வேன் உள்ளே போனது. ஒரு தெருவில் வாசலில் ஒரு அம்மா. எதிர்வீட்டுக்காரி இல்லை, அவள் போய் ரொம்ப நாளாயிற்று. இது வேறொரு அம்மா. தார்ப்பாயை நீட்டினேன். 'எனக்குப் பாதிக் கூர நிக்கிது தம்பி. ஆறாவது வூட்டுக்கு ரெண்டாக் குடுங்க, அவளுக்குப் பொண்ணு சமஞ்சு குந்தியிருக்கு. அதுக்கடுத்த வூட்டுல அந்த மனுசன் சக்கரக்காரரு, மாத்திரை இருக்கான்னு கேளுங்க.' எந்த அதிகாரியிடம் அந்தப் பட்டியல் இருந்தது? அந்த அம்மா வாயில் இருந்தது. மறுபடியும் அதே பழமொழிதான், சொல்லவில்லை, நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

கிராமம் என்றாலே அன்பு, பட்டணம் என்றாலே கல்நெஞ்சு என்று பேச நான் வரவில்லை. அப்படிப் பேசுகிறவர்கள் ஊர்த்தெருவில் பிறந்தவர்களாக இருப்பார்கள். எங்கள் தெருவுக்குள் இருந்த அன்பு எங்கள் தெருவுக்குள்தான் சுற்றியது. 2004 சுனாமிக்கு அப்புறம் நாகை முகாம்களில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது, யாரை எழுப்பிவிட்டார்கள் என்று அப்போதே எழுதியிருக்கிறார்கள். பட்டணமும் லேசுப்பட்டதில்லை. 1918இல் இந்தியாவிலேயே முன்னோடியாகத் தொழிற்சங்கம் கண்ட மில் இதே பக்கத்து பி அண்ட் சி மில்தான். மூன்றே வருஷத்தில், 1921 வேலைநிறுத்தத்தில், புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. கொளுத்தியவன் வெளியூர்க்காரனா? எனவே அண்டைவீட்டார் என்றால் தேவதைகள் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

நான்காவது செய்தி, கடன். கைமாற்று என்று ஒரு சொல் இருக்கிறதே, வட்டி இல்லை, பத்திரம் இல்லை. 'அறுப்புக்குத் தரேன்' என்ற வாய்வார்த்தைதான். பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்தில் ஆடி மாசத்தில் மொய் விருந்து வைப்பார்கள். கறிவிருந்து போட்டு மொய் வாங்கி, அந்தப் பணத்தில் தொழில் வைப்பது, பெண்ணைக் கட்டிக் கொடுப்பது. நோட்டில் எழுதி வைத்துத் திருப்பிச் செய்ய வேண்டும், கொஞ்சம் கூட்டிச் செய்ய வேண்டும். இதைப் பற்றித் தனியாகவே ஒரு மணி நேரம் பேசலாம். நோட்டு என்றதும் ஞாபகம் வருகிறது, நான் கூட்டத்தில் ஒரு நீள நோட்டு சுற்றவிட்டேனே, அது எங்கே? மூன்றாவது வரிசையா? நகரட்டும் நகரட்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்த்துங்கள். எதற்கென்று இப்போது சொல்கிறேன்.

அம்மா, கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், உங்களிடம்தான் வருகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மூன்றாம் தேதி ராத்திரியிலிருந்து ஊற்றிய ஊற்று. வியாசர்பாடி சுரங்கப்பாதை குளமாகிவிட்டது. எண்ணூரில் எண்ணெய் கலந்த தண்ணீர் வீட்டுக்குள் வந்து சுவரில் கறுப்புக் கோடு போட்டது, கொசஸ்தலை ஆற்றில் வலையே கறுத்துப்போனது. இந்தப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு, எது என்று சொல்ல மாட்டேன், இங்கே தெரிந்தவர்கள் இருப்பார்கள். கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை. ஏழாவது மாடியில் ஒரு பெரியவர் தனியாக. முட்டி வலிக்காரர், படி இறங்க முடியாது. அவர் வீட்டுக்கு எதிர்க்கதவு நாலே அடி தூரம். அந்த வீட்டில் நல்ல மனுஷர்கள்தான். பெரியவர் மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் தண்ணீர்க் கேன் கொண்டுவந்த பையன் தட்டிப் பார்த்தான். பெரியவர் உயிரோடு இருந்தார். அரைப் பாக்கெட் பிஸ்கட்டில் மூன்று நாள். எதிர்வீட்டு அம்மா என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதது. 'சார், நாங்க மூணு நாளும் சமைச்சோம் சார். கூப்ட்டிருந்தா குடுத்திருப்போம்.' கொடுத்திருப்பார்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. அடுப்புக்குப் புகை இல்லை இப்போது, கேஸ் வந்துவிட்டது. எதை வைத்து எண்ணுவது?

குடிசையாக இருந்தபோது இப்படி நடந்திருக்குமா? நடக்காது. ஒரு வாசலில் குழம்பு கொதித்தால் நாலு வாசலுக்கு வாசனை. தீப்பிடித்தால் முதலில் பக்கத்து வீட்டு சிலிண்டரைத் தூக்கி வெளியே போட்டுவிட்டுத்தான் தன் சிலிண்டர். பல குடும்பம் ஒரே வாசலுக்குள் குடியிருந்த ஸ்டோர் வீடுகளில், வாசல் கூட்ட முறைவாசல் இருந்தது. இன்றைக்கு உன் வீட்டு முறை, நாளைக்கு என் வீட்டு முறை. முறைக்காரி கூட்ட வரவில்லை என்றால் உடம்புக்கு என்ன என்று கேட்க ஆள் வரும். அதற்காகக் குடிசைக்கே திரும்பச் சொல்கிறேனா? சொன்னால் இந்த முன்வரிசை என்னை விளக்குமாற்றால் அடிக்கும். வீட்டுக்குள் கழிப்பறை, சாத்திக்கொள்ள ஒரு கதவு. நம் பெண்கள் இதற்குப் பட்ட பாடு எனக்குத் தெரியும். 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்ததும், பின்னால் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பேர் மாறியதும், பழைய பிளாக்கை இடித்துவிட்டு எட்டு மாடி ஒன்பது மாடி எழுப்புவதும் நல்ல காரியம். கதவு வேண்டும். கதவுக்கு வெளியே உட்கார ஒரு இடமும் வேண்டும். அதைத்தான் கேட்கிறேன்.

மாமன்ற உறுப்பினர் அம்மா, நான் கேட்பது திண்ணை. ஒவ்வொரு பிளாக்குக்கும் தரைத்தளத்தில் லிஃப்ட் பக்கத்தில் ஒரு திண்ணை. இருபது அடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம். முட்டி வலிக்காரர் உட்கார்ந்து எழுந்திருக்க ஒரு கைப்பிடி. கிரில் வேண்டாம், பூட்டு வேண்டாம், சாவி யாரிடமும் இருக்கக் கூடாது. சாவி இருந்தால் அது ஆபீஸ் ஆகிவிடும். இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது? பைக் நிற்கிறது. ஒரு கட்சிப் பேனர், நான் எந்தக் கட்சி என்று சொல்லவில்லை, எல்லாக் கட்சியும் முறைவைத்து மாட்டுகிறது. இதற்குக் கொஞ்சம் செங்கல், நாலு மூட்டை சிமெண்ட், இரண்டு நாள் கொத்தனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பெயர்ப்பலகை வைக்கிற செலவில் முடிந்துவிடும். எஞ்சினியர்கள் 'கம்யூனிட்டி ஹால் இருக்கே' என்பார்கள். ஹால் கல்யாணத்துக்கு ஐயா. ஹாலில் போய் யார் காய் நறுக்குவார்கள்?

நம் ஊரில் திண்ணை கட்டுவது, சுமைதாங்கி நடுவது எல்லாம் தர்மக் கணக்கில் சேர்ந்தவை. கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நடுவார்கள், யாரோ ஒரு வழிப்போக்கன் தலைச்சுமையை இறக்கட்டும் என்று. இன்னொன்று. வடசென்னைப் பெண் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிவந்தார். கேரம் போர்டு நம் பக்கத்தில் எங்கே போடுவார்கள்? தெருமுனையில், பத்துப் பேர் சுற்றி நின்று 'அடி அடி' என்று கத்துகிற இடத்தில். ஏழாவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு எத்தனை பேர் ஸ்ட்ரைக்கரைப் பிடிப்பார்கள்? இதைக் கேட்டால் என்னைத் திண்ணை வாத்தியார் என்கிறார்கள். பரவாயில்லை, முன்னால் அடிக்கிற வாத்தியார் என்றார்கள், அதற்கு இது மேல்.

ஒருவர் என்னிடம் கேட்டார். 'சார், திண்ணை உங்களை உட்காரவிடாத சாமான் ஆச்சே. அதையா கேக்குறீங்க?' ஆமாம். அதையேதான் கேட்கிறேன். அந்த ஓட்டு வீட்டுத் திண்ணை இடுக்கு வழியாக இன்னும் எனக்குத் தெரிகிறது. புயலில் நனைந்துகொண்டு, வழவழவென்று, ஒருத்தரும் உட்காராமல். நம் பிளாக்கில் ஒரு திண்ணை வந்தால் அதில் முதலில் ஒரு வம்புக்காரக் கிழவியைத்தான் உட்காரவைப்பேன். 'ஏழாவது மாடி ஐயா மூணு நாளா எறங்கலியே'ன்னு அது கத்தட்டும். உலை வாயை மூடலாம்...

என்னம்மா? கேட்கவில்லை, மைக்கில் சொல்லுங்கள். முன்வரிசையில் ஒரு அம்மா கேட்கிறார்கள்: 'திண்ண போட்டா யாரு பெருக்குறது? குடிச்சிட்டு வந்து படுப்பானுங்களே, அத யாரு கேக்கறது?' நியாயமான கேள்வி. முறைவாசல்தான் அம்மா. பிளாக்குக்கு எத்தனை வீடோ அத்தனை நாள் ஒரு சுற்று. ஆம்பளைகளுக்கும் முறை உண்டு, என் முறையை நான் கூட்டுகிறேன். குடித்துவிட்டுப் படுக்கிறவனைப் பற்றி எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. அதற்கு உங்களிடம்தான் யோசனை இருக்கும், கூட்டம் முடிந்து சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.

ஐந்தாவது செய்தியை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன். தலைவர் ஐயா எழுந்து நின்றுவிட்டார். நோட்டு வந்துவிட்டதா? கொடுங்கள். நாலு பக்கம் நிறைந்திருக்கிறது. அதை இந்தப் பக்கம் தராதீர்கள், நேராக மாமன்ற உறுப்பினர் அம்மாவிடம் கொடுங்கள். முதல் பக்கத்தில் மேலே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன், அது அம்மாவுக்கு. பேனா? நோட்டோடு நூல் கட்டி ஒரு பேனா விட்டேனே. நூல் மட்டும் வந்திருக்கிறது. சரி, அம்மா கைப்பையில் ஒன்று இருக்கும், பாருங்கள்.